சந்தியாகு தாத்தாவின் பெயருக்குள் ஒரு மதில்சுவர்

கேள்வி இது: “என் தாத்தாவின் பெயர் சந்தியாகு. அதில் உள்ள ‘சந்த்’ என்பது ‘செயின்ட்’ என்ற அதே சொல்தான் என்று எங்கள் பங்குச் சாமியார் சொன்னார். லத்தீனில் இதன் மூலச்சொல் என்ன? சரியான பொருள் என்ன? எப்படியெல்லாம் உருமாறும்? இன்றைய மொழிகளில் எங்கெங்கே இருக்கிறது? ‘சந்த் கபீர்’ என்பதில் வரும் சந்தும் இதுதானா?”

சாமியார் சொன்னது சரி. மூலச்சொல் ‘சாங்க்துஸ்’. கபீர் பற்றிய கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை, அது வேறு சொல். ஆனால் அந்த ‘இல்லை’க்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

இளம் வயதில் மூன்று ஆண்டுகள் குருமடத்தில் இருந்தேன். குருப்பட்டம் வாய்க்கவில்லை, லத்தீன் மட்டும் ஒட்டிக்கொண்டது. அங்கே எங்களுக்குக் கொடுத்த சொற்பட்டியலில் சாங்க்துஸ் என்பதற்கு எதிரே ‘பரிசுத்த’ என்று ஒரே வார்த்தை போட்டிருந்தது. வெகுகாலம் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் ரோமானியச் சட்ட நூல் ஒன்றைப் புரட்டும்போது, “நகரத்தின் மதில்களும் வாயில்களும் சாங்க்துஸ்” என்ற வரி கண்ணில் பட்டது. கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த மதில் எப்படிப் பரிசுத்தமாகும்? அது என்ன நோன்பிருந்ததா, ஜெபம் செய்ததா? அந்தக் கேள்வியிலிருந்துதான் எனக்கு இந்தச் சொல் புரியத் தொடங்கியது. உங்களுக்கும் அங்கிருந்தே சொல்கிறேன்.

அந்த வரியை எழுதியவர் காயுஸ் என்ற சட்ட அறிஞர், கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்காரர். அவருக்குப் பின் வந்த மார்க்கியானுஸ் இன்னும் தெளிவாகச் சொல்கிறார்: மனிதர் இழைக்கும் கேட்டிலிருந்து காக்கப்பட்டு, அரண் செய்யப்பட்டிருப்பது எதுவோ அது சாங்க்தும். கவனியுங்கள், இதில் கடவுளும் இல்லை, தூய்மையும் இல்லை. காவல் மட்டுமே இருக்கிறது. கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டப் பாடநூல் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. மதிலுக்குக் கெடுதல் செய்பவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருக்கிறது, அதனால்தான் மதில்களைச் சாங்க்துஸ் என்கிறோம் என்கிறது அது. அத்தோடு நிற்காமல், சட்டத்தை மீறுகிறவர்களுக்கு இன்ன தண்டனை என்று சொல்லும் பகுதிகளைச் ‘சாங்க்தியோ’ என்று அழைப்பதும் இதனால்தான் என்று முடிக்கிறது. இந்த இரண்டாவது சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக் கடன் வரை அது வரப்போகிறது.

இலக்கணப்படி சாங்க்துஸ் என்பது ஒரு வினையிலிருந்து பிறந்த எச்சம். வினை ‘சங்க்கீரே’: யாரும் மீறக்கூடாதபடி ஒன்றை உறுதிசெய்வது, சட்டமாக்குவது, தண்டனையால் வேலி கட்டுவது. அப்படிச் செய்யப்பட்டது சாங்க்துஸ். கோவில் கொடைக்குக் காப்புக் கட்டிய ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். காப்பு என்ற சொல்லே காவல்தான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியதும் அவர் நேற்றிருந்த அதே மனிதர்தான், திடீரென்று ஞானியாகிவிடவில்லை. ஆனால் அவரைச் சுற்றி ஒரு கோடு விழுந்துவிட்டது. அவர் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, பிறர் அவரிடம் முறைகேடாக நடக்கக்கூடாது. ரோமானியனின் சாங்க்துஸ் ஏறத்தாழ அதுதான்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் நிற்கிறது: ‘சாக்கெர்’. இரண்டுக்கும் வேர் ஒன்றே. சங்க்கீரேயில் நடுவில் ஒரு மெல்லெழுத்து புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பொருளில் இடைவெளி உண்டு. சாக்கெர் என்றால் தெய்வத்துக்கு உரியதாக ஆக்கப்பட்டது, நம் பேச்சில் சாமிக்கு நேர்ந்துவிட்டது. நேர்ந்துவிட்ட கிடாவுக்கு மரியாதை உண்டு, யாரும் அதை விரட்டுவதில்லை. அதே சமயம் அதன் கழுத்து ஏற்கெனவே போனதுதான். அதனால் சாக்கெர் என்ற சொல்லுக்குள் ‘புனிதம்’, ‘சாபம்’ இரண்டும் குடியிருந்தன. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பன்னிரண்டு பலகைச் சட்டத்தில், தன்னை அண்டியவனை ஏமாற்றும் புரவலன் “சாக்கெர் ஆகட்டும்” என்று ஒரு விதி உண்டு. அவனைப் போற்றச் சொல்லும் விதியல்ல அது. அவன் தெய்வத்துக்குப் போய்விட்டான், இனி அவனை யார் கொன்றாலும் கேள்வியில்லை என்பதே அதன் கருத்து. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இந்தச் சொல்லின் வழிவந்த ‘சக்ரே’யைப் பெயருக்குப் பின்னால் போட்டால் ‘புனித’, முன்னால் போட்டால் பெரும்பாலும் ‘பாழாய்ப்போன’. இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் அந்த இரட்டை முகம் போகவில்லை.

இரண்டையும் ஒட்டவைத்த சொல்லும் ரோமில் இருந்தது: ‘சாக்ரோசாங்க்துஸ்’. எளிய மக்களின் சார்பில் நின்ற திரிபூனுஸ் என்ற அதிகாரிகளுக்கு இது அடைமொழி. கி.மு. 449இல் வந்த சட்டம், அவர்கள்மேல் கைவைப்பவனின் தலை ஜூப்பிட்டருக்குச் சாக்கெர் ஆகும் என்றது. ஆக, அதிகாரி சாங்க்துஸ், அவரைத் தொட்டவன் சாக்கெர். வேலிக்குள் இருப்பவர் ஒருவர், வேலியைத் தாண்டியதால் பலியாகிறவன் மற்றவன். இந்த இரு சொற்களின் வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

வேலியிலிருந்து பொருள் மெல்ல விரிந்தது. மீறக்கூடாதது என்பது மதிக்கத்தக்கது ஆயிற்று, அதிலிருந்து மாசற்றது ஆயிற்று. கி.மு. 63இல் ஆட்சியைக் கவிழ்க்கச் சதிசெய்த கத்திலினாவுக்கு எதிராகப் பேசிய ரோமானியப் பேச்சாளர் சிசரோ, செனட் சபையை உலகத்திலேயே மிகவும் சாங்க்துஸ்ஸான, மிகவும் கனமான அவை என்கிறார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் யோக்கியதை அவருக்குத் தெரியாததல்ல. அதே வாக்கியத்தில்தான், நம் எல்லோரையும் அழிக்கத் திட்டமிடுபவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். அவைதான் சாங்க்துஸ், உறுப்பினர்கள் அல்ல. வர்ஜிலின் காவியத்தில் இன்னொரு தொனி. போரில் மகனை இழந்த கிழவர் எவாந்தர், என்றோ இறந்துபோன தன் மனைவியை “ஓ சாங்க்திஸ்ஸிமா கொன்யுங்ஸ்” என்று விளித்து, இந்தத் துயரத்தைப் பார்க்காமல் போய்ச்சேர்ந்தாயே, நீ பாக்கியசாலி என்று புலம்புகிறார். இங்கே அந்தச் சொல்லில் சட்டவாடை துளியும் இல்லை. ‘கறையே படியாதவளே’ என்பதுதான் அதன் குரல்.

இப்போது வடிவங்கள். தமிழில் அடைமொழி அசையாது: நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம். லத்தீனில் அப்படி முடியாது. அங்கே அடைமொழி நம்முடைய நல்லவன், நல்லவள், நல்லது போலப் பால் காட்டியாக வேண்டும்: ஆண்பாலுக்குச் சாங்க்துஸ், பெண்பாலுக்குச் சாங்க்தா, இரண்டுமல்லாததற்குச் சாங்க்தும். ஒரு சிக்கல், லத்தீனில் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண், பெண் உண்டு. மதில் ஆண், வாயில் பெண். எனவே மதில்கள் ‘முரீ சாங்க்தீ’, வாயில்கள் ‘போர்த்தே சாங்க்தே’.

பால் காட்டுவதோடு விடாது, வேற்றுமையும் ஏற்க வேண்டும். நாம் ‘புனித பேதுருவை’ என்று பெயருக்கு மட்டும் உருபு போடுகிறோம். லத்தீனில் ‘புனிதரை பேதுருவை’ என்பதுபோல இரண்டுக்கும் போட வேண்டும். பேதுரு வருகிறார் என்றால் சாங்க்துஸ் பெத்ருஸ். பேதுருவை என்றால் சாங்க்தும் பெத்ரும். பேதுருவின் என்றால் சாங்க்தீ பெத்ரீ. பேதுருவுக்கு என்றால் சாங்க்தோ பெத்ரோ. அவரைக் கூப்பிட்டால் ‘சாங்க்தே பெத்ரே’. 1960களுக்கு முன் லத்தீனில் பிரார்த்தனைமாலை கேட்டு வளர்ந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் கேட்டுப்பாருங்கள். சாங்க்தே பெத்ரே, ஓரா ப்ரோ நோபிஸ் (எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்). சாங்க்தா மரியா, ஓரா ப்ரோ நோபிஸ் என்று பொருள் தெரியாமலே பாடியிருப்பார்கள். விளிவேற்றுமைப் பாடத்தை அதைவிட நன்றாக எந்த இலக்கண நூலும் புகட்டியிருக்காது. ஒப்பிட்டுச் சொன்னால் ‘சாங்க்தியோர்’ (இன்னும் புனிதமான), உச்சத்துக்கு ‘சாங்க்திஸ்ஸிமுஸ்’ (மிகப் புனிதமான). எவாந்தரின் புலம்பலில் வந்தது இந்த உச்ச வடிவத்தின் பெண்பால். மீதி உருபுகளை ஒப்பித்து உங்களைத் தூங்கவைக்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் விட முடியாது: ஆறாம் வேற்றுமைப் பன்மையான ‘சாங்க்தோரும்’. ‘சாங்க்தும் சாங்க்தோரும்’ என்றால் புனிதமானவற்றுள் புனிதமானது. மன்னர் மன்னன் என்பது போன்ற அமைப்பு, எபிரேயத்திலிருந்து வந்தது. ஜெருசலேம் ஆலயத்தின் உள்ளறைக்கான பெயரை லத்தீன் பைபிள் அப்படியே அச்செடுத்தது. தமிழ் பைபிளில் அது மகா பரிசுத்த ஸ்தலம். இதே தொடரைத்தான் நம் ஊர்க் கோவில்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கருவறைக்குப் போட்டு, பிறகு சுருக்கிச் ‘சாங்டம்’ ஆக்கினார்கள். சிவன் கோவில் கருவறைக்கு ரோமானியச் சட்டச் சொல்லின் ஒன்றன்பால் வடிவம். பொருத்தம் மோசமில்லை. யாரும் நினைத்தபோது நுழைய முடியாத இடம்தானே அது.

கிறிஸ்தவர்கள் கைக்கு இந்தச் சொல் எப்படிப் போனது என்பதுதான் திருப்பம். கிரேக்க பைபிளில் ‘புனித’ என்ற பொருளில் ‘ஹாகியோஸ்’ என்று இருந்ததை லத்தீனில் பெயர்க்க வேண்டும். சாக்கெர் இருந்தது, ஆனால் அது ஜூப்பிட்டர் கோவில்களிலும் பலிபீடங்களிலும் தோய்ந்த சொல், போதாக்குறைக்குச் சாபவாடை வேறு. சாங்க்துஸ் ஒப்பீட்டில் சுத்தமாக இருந்தது. அதையே எடுத்தார்கள். தொடக்கத்தில் அது பட்டமல்ல. ரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் அங்குள்ள விசுவாசிகள் எல்லோரையுமே அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். அவர்களில் யாருக்கும் தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை. பிறகு மறைசாட்சிகள், பிறகு ஆயர்கள், துறவிகள் என்று வட்டம் குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் பெயருக்கு முன்னால் போடும் பட்டமாக இறுகியது. அந்தப் பட்டம்தான் உலகம் சுற்றியது.

சுற்றும்போது முதலில் ககரம் உதிர்ந்தது. ங், க், த் என்று மூன்று மெய் நெருக்கியடித்து நிற்பதை ரோமானியப் பாமர நாக்கும் விரும்பவில்லை. பிற்காலக் கல்வெட்டுகளிலேயே ககரம் இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ‘சாந்தோ’. பிரெஞ்சில் மட்டும் அந்தக் ககரம் சாகும்போது முன்னிருந்த உயிரைக் கொஞ்சம் வளைத்துவிட்டுப் போனது. அதனால் அங்கே ‘சேன்’. எழுத்தில் ‘செயின்ட்’ போல இருக்கும், ஆனால் கடைசி மெய் ஒலிக்காது, மூக்கொலி மட்டும் மிஞ்சும். புதுச்சேரியில் சேன் லூயி வீதியைப் பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருந்தால் அந்த மூக்கொலி உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். ஆங்கிலேயர்கள் இந்தப் பிரெஞ்சு வடிவத்தைத்தான் வாங்கி, எழுதியபடியே உச்சரித்தார்கள்.

பெயருக்கு முன்னால் வரும்போது சொல் தேய்வது இன்னொரு கதை. நாம் ‘தம்பி’யை அவசரத்தில் விழுங்குவதுபோல. ஸ்பானியத்தில் ஆண் பெயருக்கு முன் ‘சான்’: சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே. ஆனால் ‘தோ’, ‘தொ’ என்ற ஒலியில் தொடங்கும் சில பெயர்களுக்கு முன்னால் முழுவடிவம் மிஞ்சியது: சாந்தோ தொமிங்கோ, சாந்தோ தோமாஸ். பெண்பால் தேயவே இல்லை, எப்போதும் சாந்தா. இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். சாந்தா ஃபே என்ற ஊரைக் கண்டதும் ஃபே என்று ஒரு புனிதையைத் தேடக்கூடாது. ஃபே என்றால் விசுவாசம், அது பெண்பாற்சொல், அதனால் சாந்தா. மும்பையின் சாந்தாகுரூஸும் அப்படியே. அது போர்த்துக்கேய மொழியில் ‘புனிதச் சிலுவை’. இத்தாலியில் சான் பியெத்ரோ, உயிரெழுத்துக்கு முன் சாந்த் அந்தோனியோ, ‘ஸ்த’ போன்ற கூட்டெழுத்துக்கு முன் சாந்தோ ஸ்தேஃபனோ.

போர்த்துக்கேயர்கள்தான் அதிகமாகத் தேய்த்தவர்கள். அவர்களிடம் மெய்யெழுத்துக்கு முன் வெறும் மூக்கொலியாக, ஏறக்குறைய ‘சௌன்’ என்று ஆகிவிட்டது. சாவ் பாவ்லோ நகரத்தின் ‘சாவ்’ அதுதான். 1554 ஜனவரி 25, பவுல் மனந்திரும்பிய திருநாளன்று தொடங்கிய ஊர் என்பதால் அந்தப் பெயர். இந்தத் தேய்மானத்தால் அவர்கள் மொழியில் மூன்று வெவ்வேறு லத்தீன் சொற்கள் ஒரே ஒலியில், ஒரே எழுத்தில் வந்து விழுந்துவிட்டன: புனித என்ற சாங்க்துஸ், ஆரோக்கியமான என்ற சானுஸ், இருக்கிறார்கள் என்ற சுந்த். மூன்றுமே இன்று ‘சௌன்’. மூன்றாவதை மறந்துவிடாதீர்கள், கபீரிடம் போக அதுதான் வழி.

ருமேனியாவில் நடந்தது சோகம். அங்கே பழைய சொல் சின்பெத்ரு போன்ற ஊர்ப்பெயர்களுக்குள் புதைந்துவிட்டது. நாள்தோறும் புழங்கும் ‘ஸ்ஃபின்த்’ ஸ்லாவிய மொழியிலிருந்து வந்த கடன். அல்பேனியாவில் ‘ஷென்’ ஆகிவிட்டது, அங்குள்ள ஷென்ஜின் துறைமுகம் புனித யோவானின் பெயர். ஜெர்மனியர்களிடம் பெயருக்கு முன் ‘சாங்க்ட்’ என்று ககரத்தோடு கெட்டியாக இருக்கிறது. டச்சுக்காரர்களிடம் ‘சின்ட்’. இந்தச் சின்ட்தான் அமெரிக்காவில் குடியேறியபோது வேடிக்கை செய்தது. புனித நிக்கோலாஸை அவர்கள் ‘சின்டர்கிளாஸ்’ என்பார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதைச் ‘சான்டா கிளாஸ்’ ஆக்கினார்கள். விளைவு, உலகத்திலேயே பெரிய தாடிவைத்த தாத்தாவின் பட்டம் பார்வைக்குப் பெண்பாலாக நிற்கிறது.

ஆங்கிலேயர் செய்த கூத்துகள் தனி. சேன்-கிளேர் என்ற ஊர்ப்பெயர் சின்கிளேர் என்ற குடும்பப் பெயரானது. ஈலி நகரத்துப் புனிதை ஆட்ரியின் திருவிழாச் சந்தையில் விற்ற கழுத்துப்பட்டைகளுக்குச் ‘செயின்ட் ஆட்ரி லேஸ்’ என்று பெயர். செயின்ட்டின் கடைசி ‘ட்’ ஆட்ரியோடு ஒட்டிக்கொள்ள, ‘டாட்ரி’ பிறந்தது. இன்று அதற்குப் பொருள் மலிவான, பகட்டான சரக்கு. 679இல் இறந்த ஒரு துறவி அரசிக்கு நேர்ந்த கதி இது. பிரெஞ்சில் ‘சேன்ட் நித்துஷ்’ என்று இல்லாத புனிதை ஒருத்தி இருக்கிறாள். ‘எதையும் தொடாத புனிதை’ என்று பொருள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று முகத்தை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பானியத்தின் ‘சாந்தியாமேன்’. ‘ஒரு சாந்தியாமேனில் வந்துவிடுகிறேன்’ என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் வருகிறேன் என்று அர்த்தம். சிலுவை அடையாளம் போடும்போது லத்தீனில் கடைசியாக வரும் ‘ஸ்பீரித்துஸ் சாங்க்தீ, ஆமென்’ என்பதை விரைவாகச் சொல்லிச் சொல்லி, அதன் வால் மட்டும் ஒரு நேர அளவாகிவிட்டது. ஸ்பானியம் வேற்றுமை உருபுகளையெல்லாம் தொலைத்துவிட்ட மொழி. ஆனாலும் இந்த ஒரு சொல்லுக்குள் சாங்க்தீ என்ற ஆறாம் வேற்றுமை உயிரோடு உட்கார்ந்திருக்கிறது.

அதே சிலுவை அடையாளம் தமிழிலும் ஒரு தடம் விட்டது. பழைய கத்தோலிக்க ஜெபங்களில் “பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து” என்று வரும். உங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கலாம். இஸ்பிரீத்து சாந்து என்பது போர்த்துக்கேய மொழியின் ‘இஸ்பீரித்து சாந்து’வேதான், மொழிபெயர்க்காமல் அப்படியே இறக்கியது. சாந்து என்றால் நமக்குச் சந்தனக் குழம்பும் கொத்தனார் பூசும் சுண்ணாம்புக் கலவையும்தான் நினைவுக்கு வரும். மூவொரு கடவுளின் பெயரில் வருவது சாங்க்துஸ். பின்னாளில் பரிசுத்த ஆவி, தூய ஆவி என்று தமிழ் அடைமொழிகள் வந்து இதை ஒதுக்கிவிட்டன. பெயர்களுக்கு முன்னால் ‘அர்ச்சியசிஷ்ட’ என்ற வடமொழிக் கட்டுமானம் சில காலம் ஓடியது. பழைய புத்தகங்களில் ‘அர்ச். சவேரியார்’ என்று பார்த்திருப்பீர்கள். இப்போது ‘புனித’.

ஊர்ப்பெயரில் அது அழியவில்லை. 16ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூர்க் கடற்கரையில் குடியேறிய போர்த்துக்கேயர், அப்போஸ்தலர் தோமாவின் பெயரால் அந்த இடத்தை அழைத்தார்கள். அவர்கள் மொழியில் தோமா ‘தோமே’. அதற்கு முன்னால் நான் மேலே சொன்ன அந்த மூக்கொலி. சேர்ந்து நம் காதில் ‘சாந்தோம்’. சாந்தம் குடிகொண்ட இடம் என்று ஒரு நண்பர் எனக்கு விளக்கியிருக்கிறார். காலை ஒன்பது மணிக்குச் சாந்தோம் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தவர் யாரும் அந்த விளக்கத்தை ஏற்க மாட்டார்கள். ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் 1975இல் விடுதலை பெற்ற தீவு நாட்டின் பெயரிலும் இதே சாந்தோம் இருக்கிறது. சென்னைக்குள்ளேயே பாருங்கள்: போர்த்துக்கேய வடிவத்தில் சாந்தோம், அதே தோமாவுக்கே ஆங்கில வடிவத்தில் செயின்ட் தாமஸ் மவுண்ட், கோட்டைக்குச் செயின்ட் ஜார்ஜ். தமிழர் அந்த மலையைப் பரங்கிமலை என்றதோடு சரி.

இனி கபீர். இந்தியின் சந்த், சமஸ்கிருதத்தின் ‘சத்’ என்பதிலிருந்து வருகிறது. ‘அஸ்’ என்ற, இருத்தலைக் குறிக்கும் வேர். இருக்கிறது என்பதிலிருந்து மெய்யானது, மெய்யானதிலிருந்து நல்லது, நல்லதிலிருந்து நல்லவர், ஞானி. நம் சத்தியம், சத்சங்கம், சற்குரு எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். சாங்க்துஸுக்கும் அதற்கும் உறவில்லை. ஓசையும் பொருளும் இவ்வளவு நெருங்கியும் உறவில்லை என்பதை மாணவர்களை நம்பவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. (ரஷ்யர்களின் ‘ஸ்வியத்தோய்’, ஜொராஸ்திரிய வேதத்தின் ‘ஸ்பெந்த’ ஆகியவையும் புனிதம்தான். அவை மூன்றாவது குடும்பம். சாந்தி, சாந்தம் நான்காவது. அது அடங்குதல் என்ற வேர்.)

வேடிக்கை இங்கேதான். சமஸ்கிருதத்தில் ‘சந்தி’ என்றால் அவர்கள் இருக்கிறார்கள். லத்தீனில் ‘சுந்த்’ என்றால் அவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லின் இரு கிளைகள். அந்தச் சுந்த் போர்த்துக்கேய மொழியில் என்ன ஆயிற்று என்று மேலே பார்த்தோம்: ‘சௌன்’. ஆக, ஒரு போர்த்துக்கேயர் “சௌன் தோமே” என்று சொல்லும்போது வரும் சௌன் கபீருக்கு உறவில்லை. அவரே “அவர்கள் சௌன்” என்று இருத்தலைச் சொன்னால் அது கபீரின் சந்துக்குப் பங்காளி. இன்னொன்று: சந்த் என்பதன் நேரான லத்தீன் இணை ‘சோன்ஸ்’. அதற்குப் பொருள் குற்றவாளி. ‘இருக்கிறவன்’ என்ற ஒரே அடியிலிருந்து இங்கே ‘மெய்யாக இருப்பவர்’ வந்தார், அங்கே ‘அது அவனேதான்’ என்று சுட்டிக்காட்டப்பட்டவன் வந்தான்.

சாங்க்தியோவை நினைவில் வைக்கச் சொன்னேன். அதன் வழிவந்த சொல்லைத்தான் வங்கியில் கேட்கிறீர்கள்: “லோன் சாங்ஷன் ஆகிவிட்டது.” அனுமதி கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சி. அதே நாள் செய்தித்தாளில் ஒரு நாட்டின்மேல் இன்னொரு நாடு விதித்த ‘சாங்ஷன்ஸ்’ பற்றிப் படிக்கிறீர்கள், தமிழில் பொருளாதாரத் தடை. ஒரே சொல் எப்படி அனுமதியும் தடையும் ஆகும் என்று பலர் குழம்புகிறார்கள். ஜஸ்டினியன் புத்தகத்துக்குப் போனால் குழப்பம் தீரும். சங்க்கீரே என்றால் ஒன்றை மீற முடியாதபடி உறுதிசெய்வது. உறுதிசெய்தலைப் பிடித்துக்கொண்டது வங்கி. மீறினால் வரும் தண்டனையைப் பிடித்துக்கொண்டது அரசியல். மதிலின் இரண்டு பக்கங்கள்தான் அவை.

கடைசியாக உங்கள் தாத்தா. எபிரேயத்தில் யாக்கோப், கிரேக்கத்தில் இயாக்கோபோஸ், லத்தீனில் யாக்கோபுஸ், ஐபீரிய மண்ணில் தேய்ந்து ‘யாகோ’. முன்னால் சாந்த் சேர, சாந்தியாகோ. பிறகு பிரிக்கத் தெரியாதவர்கள் அதைச் சான்-தியாகோ என்று பிரித்ததால், போர்த்துக்கல்லில் ‘தியாகு’ என்றே ஒரு புதுப்பெயர் கிளம்பியது, புனிதத்தின் தகரத்தைத் திருடிக்கொண்டு. தமிழில் வந்தபோது யாகப்பர் என்ற வடிவமும் இருந்ததால், ஆலயத்தில் சந்தியாகப்பர், வீட்டில் சந்தியாகு. தங்கச்சிமடத்து ஆலயத்தில் வெள்ளைக் குதிரைமேல் அந்த அப்போஸ்தலரைப் பார்க்கலாம். அந்தக் குதிரையும் ஸ்பெயினிலிருந்து வந்ததுதான்.

அவருடைய திருநாள் ஜூலை 25. மறுநாள் 26, சந்தன மாதாவின் திருநாள். அந்தச் சந்தனத்தில் மணம் கிடையாது: சாந்தா அன்னா என்பதே தமிழ் நாக்கில் சந்தன்னாவாகி, சந்தனமாகிவிட்டது. மரியாளின் தாய் அன்னம்மாள்தான் அவர். இன்று இரண்டு ஆலயங்களின் பலகையிலும் ‘புனித சந்தியாகப்பர்’, ‘புனித சந்தன மாதா’ என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது புனிதப் புனித யாகப்பர், புனிதப் புனித அன்னா. கேட்டு வாசல் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது உறுத்தாது.

தாத்தாவின் பெயரை ஆங்கிலத்தில் பெயர்த்தால் செயின்ட் ஜேம்ஸ் என்று வரும், அடையாளமே தெரியாது. ஆனால் சிலி நாட்டின் தலைநகரிலிருந்து யாராவது வந்தால், அவரிடம் தாத்தாவின் பெயரைத் தமிழில் உள்ளபடியே சொல்லுங்கள். தன் ஊர்ப்பெயரை ஏன் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்பார்.